90 சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் 56 குழந்தைகள்: ஒரு திறந்த மடல்

தடுப்பூசித் திட்டங்களுக்கு இலக்கு வைத்து, நிதி ஒதுக்கி, அறிக்கை கேட்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் மேசைக்கு வரும் அறிக்கையில் ஒற்றை எண்தான் பெரிதாகத் தெரியும்: 90 சதவீதம். ஒரு கணக்குக்காக அதைப் பிரித்துப் பார்ப்போம். 1,000 குழந்தைகளைக் குடும்ப வசதியின் வரிசையில் 200 பேர் வீதம் ஐந்து அடுக்காக்குங்கள். மேலிருந்து கீழாக 98, 97, 94, 89, 72 சதவீதம் பேருக்கு ஊசி போட்டாயிற்று என்று வையுங்கள். சராசரி 90தான். ஆனால் விடுபட்ட 100 பேரில் 56 பேர் கடைசி அடுக்கில் இருக்கிறார்கள். ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த வீடுகளில், நெருக்கமாக வாழ்கின்றன. தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 95 சதவீதம் பேருக்கு இரண்டு தவணையும் போய்ச் சேர வேண்டும். 72 சதவீதத்தில் நிற்கும் குடியிருப்புக்கு மற்ற இடங்களின் 98 உதவாது.

அந்த 72-ம் உண்மைதானா என்பது வேறு கேள்வி. போட்ட ஊசிகளின் எண்ணிக்கையைப் பழைய மக்கள்தொகைக் கணக்கால் வகுக்கிறோம். பட்டியலிலேயே இல்லாத குடியிருப்பும் இடம்பெயர்ந்து வந்த குடும்பமும் வகுக்கும் எண்ணுக்குள் வருவதே இல்லை. அதனால் அவர்கள் விடுபட்டாலும் சதவீதம் குறையாது. 105 சதவீதம் என்று அறிக்கை வந்தால் பாராட்ட வேண்டாம், தலைக்கணக்கை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

காரணம் கேட்டால் “பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை” என்ற பதில் தயாராக இருக்கும். சில இடங்களில் அது உண்மை. ஆனால் பென்டாவேலன்ட் எனும், ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியின் முதல் தவணைக்கு வந்து மூன்றாம் தவணைக்கு வராத தாயிடம் அந்தப் பதில் எடுபடாது. அவருக்கு ஊசியின் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் முதல் முறையே வந்திருக்க மாட்டார். ஆகவே இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் தவணையே குறைவு என்றால் நாம் அந்த இடத்தை எட்டவில்லை. முதல் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் உதிர்ந்தால், வந்தவர்களை நாம் தக்கவைக்கவில்லை. முந்தையதற்கு வீடு வீடான கணக்கெடுப்பும் நடமாடும் முகாமும் வேண்டும். பிந்தையதற்கு முகாமுக்குள் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பதில் மோசமானது குப்பி விவகாரம். தட்டம்மைத் தடுப்பூசி பொடியாக, பெரும்பாலும் 10 டோஸ் குப்பியில் வருகிறது. திரவம் சேர்த்துக் கரைத்துவிட்டால், உலக சுகாதார அமைப்பின் விதிப்படி, ஆறு மணி நேரத்துக்குள், அல்லது முகாம் முடியும்போது, எது முந்தியதோ அப்போது கொட்டிவிட வேண்டும். மூன்று குழந்தைகளுக்காகத் திறந்தால் ஏழு டோஸ் வீண். வீணடிப்புக்கு விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம் வரும் என்று தெரிந்த செவிலியர், “இன்னும் நாலு பேர் சேரட்டும், அடுத்த முறை வாங்க” என்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய் இன்னொரு நாளையும் விடுவாரா? வசதியுள்ளவர் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்வார். ஆகவே குப்பியை மிச்சப்படுத்தும் செலவு கடைசி அடுக்கின் தலையில்தான் விழுகிறது.

இதற்குத் தீர்வு செவிலியரிடம் இல்லை, உங்கள் கொள்முதல் கணக்கில் இருக்கிறது. ஒரு முகாமுக்கு மூன்று குழந்தைகள் என்றால் வீணாவது 70 சதவீதம். 100-ஐ 30-ஆல் வகுத்தால் 3.33. தேவையான டோஸை அந்த எண்ணால் பெருக்கிக் கேளுங்கள். 5 டோஸ் குப்பி கிடைத்தால் பெருக்கும் எண் 1.67 ஆகக் குறையும். டோஸுக்கு விலை சற்றுக் கூடும், கூடட்டும். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்று எழுத்தில் ஆணை கொடுங்கள். வாய்மொழி உறுதி தணிக்கையின்போது நிற்காது.

திருப்பி அனுப்பப் பயன்படும் மற்ற சாக்குகளும் ஏழைக் குழந்தைகளையே அதிகம் தாக்குகின்றன. லேசான காய்ச்சல், சளி, எடைக் குறைவு எதுவும் ஊசிக்குத் தடையல்ல. எடை குறைந்த குழந்தைக்குத்தான் தட்டம்மையால் ஆபத்து அதிகம். தவணை தள்ளிப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டை தொலைந்தது குற்றமல்ல. ஒரே வருகையில் பல ஊசிகள் போடலாம். ஒரே தொடையில் என்றால் 2.5 செ.மீ. தள்ளிப் போட்டால் போதும்.

கண்ணுக்கே தெரியாத ஏற்றத்தாழ்வு ஒன்றும் உண்டு. கடைக்கோடிக் குடியிருப்புக்கு மருந்து போகும் பெட்டியில், உறைநிலையிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைத்தால் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி மருந்துகள் உறைந்து வீரியம் இழக்கும். குப்பியின் மேலுள்ள வெப்ப அடையாளம் சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. குழந்தையின் அட்டையில் “போட்டாயிற்று” என்று இருக்கும், உடம்பில் பாதுகாப்பு இருக்காது. ஐஸ் பேக்கைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்கும்வரை வெளியே வைத்திருப்பதுதான் பரிகாரம். செலவில்லாதது; ஆனால் காலையில் நேரம் வேண்டும். வண்டி விடியுமுன் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தும் கால அட்டவணையில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

அடுத்த காலாண்டு அறிக்கையோடு ஒரு தாள் கூடுதலாகக் கேளுங்கள்: குடியிருப்பு வாரியாக முதல் தவணை, மூன்றாம் தவணை, ரத்தான முகாம்கள், ஊசி போடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அதன் காரணம். கடைசி இரண்டு கட்டங்களும் எல்லா இடத்திலும் காலியாகவே வந்தால், அங்கே யாரும் எண்ணவில்லை என்று பொருள்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பணியில் இருக்கும் நாங்கள்