பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா, நேத்து நைட்டு நீ அனுப்புன ஸ்க்ரீன்ஷாட் பாத்தேன், விளையாட்டு வீரர்கள்ல யாரு பாப்புலர்னு ஒரு ராங்கிங், அதுல எங்கயோ அடியில ஒரு ரஷ்ய படகு வீராங்கனை. "இவங்கள எல்லாம் யாருப்பா தேடிப் பாப்பாங்க"ன்னு கேட்டிருந்த. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா, ஏன்னா நீ படிக்கிற பீட்டர்ஸ்பர்க் பக்கத்துலயே பொறந்த ஒருத்தங்க ஞாபகம் வந்துச்சு.

லுட்மிலா பினாயேவா, சோவியத் யூனியனோட படகு வீராங்கனை. 1936ல க்ராஸ்னொயே செலோவுல பொறந்தவங்க. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 500 மீட்டர் தனி கயாக்ல (உக்காந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் துடுப்புப் போடுற ஒடுக்கமான படகு) தங்கம், 1968 மெக்ஸிகோல அதே போட்டியில திரும்பவும் தங்கம், கூடவே ரெட்டையர்ல ஒரு வெண்கலம், அப்புறம் 1972 ம்யூனிக்ல குரிஷ்கோ கூட ஜோடி சேந்து இன்னொரு தங்கம், அப்ப அவங்களுக்கு வயசு 36! டோக்கியோ ரிசல்ட்ல தேடுனா பினாயேவான்னு பேரே இருக்காது, அங்க ஹ்வெடோஸ்யுக்னு இருக்கும், அது கல்யாணத்துக்கு முன்னாடி பேரு. மூணு தங்கமும் ஒரே ஆளு எடுத்ததுன்னு புரியவே கொஞ்ச நேரம் ஆகும்.

அவங்க காலத்துல ஒலிம்பிக்ஸ்ல இந்த மாதிரி நேரா ஓட்டுற படகு ரேஸ்ல பொண்ணுங்களுக்கு ரெண்டே போட்டிதான், ஆம்பளைங்களுக்கு அஞ்சு இருந்துச்சு. நாலு பேர் ஓட்டுற கயாக் பொண்ணுங்களுக்கு 1984லதான் வந்துச்சு. ஜெர்மனி பிர்கிட் ஃபிஷர் 8 தங்கம் எடுத்தாங்க, பெரிய ஆளு, நான் கொறச்சே பேசல, ஆனா அதுல சரி பாதி அந்த நாலு பேர் படகுல வந்தது, பினாயேவாவுக்கு அந்தப் போட்டியே கெடைக்கலயே. ஒரு முழங்கால ஊனி ஒத்தப் பக்கம் துடுப்புப் போடுற கேனோ இருக்கு பாரு, அது ஆம்பளைங்களுக்கு 1936லயே ஒலிம்பிக்ஸ்ல வந்தாச்சு, பொண்ணுங்களுக்கு 2021ல நடந்த டோக்கியோலதான். 85 வருஷம் வாசல்லயே நிக்க வெச்சுட்டு இப்ப வந்து யாருக்குமே தெரியலன்னு சொன்னா எப்படிம்மா.

அதே ம்யூனிக்ல தனி கயாக் தங்கம் யூலியா ரியாப்சின்ஸ்கயா எடுத்துச்சு, உக்ரைன் பொண்ணு, நாலே மாசம், 1973 ஜனவரில ப்ராக்டிஸ்ல படகு கவுந்து அந்தக் குளிர் தண்ணிலயே போயிடுச்சு. இந்தப் பொண்ணுங்கள எல்லாம் எத்தன பேரு க்ளிக் பண்ணாங்கன்னு எண்ணி நம்பர் போடுறத என்னால ஏத்துக்கவே முடியல.

எக்ஸாம் முடிஞ்சதும் பால்டிஸ்கி ஸ்டேஷன்ல மின்சார ரயில் ஏறி ஒரு தடவை க்ராஸ்னொயே செலோ போய்ட்டு வாம்மா, பக்கம்தான். உன் கூட படிக்கிற ரஷ்ய பசங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டுப் போ, அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு அந்தப் பேரு ஞாபகம் இருக்கான்னு கேளு, என்ன சொன்னாங்கன்னு எனக்கு அப்படியே வாய்ஸ் மெசேஜ்ல சொல்லு. குளிருக்குத் தொப்பி போட்டுக்கோ.

அப்பா