செபிக்கு: வாங்கும்போதே விற்கும் செலவையும் காட்டச் சொல்லுங்கள்

பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். காலையில் கொஞ்சம் இன்ட்ராடே, அதாவது பங்குகளை வாங்கி அன்றே விற்கும் வியாபாரம். எங்கள் தொழிலில் பிங் அடித்தால், அதாவது இன்னொரு கணினிக்குச் சோதனைச் செய்தி அனுப்பினால், போய்த் திரும்பிவந்த மொத்த நேரம்தான் கணக்கு. 'போகிறேன்' என்று சொன்னாலே 'போய்வருகிறேன்னு சொல்லு' என்று திருத்தும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

தரகுச் செயலிகளோ 'ஆர்டருக்கு 20 ரூபாய்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. இன்ட்ராடேயில் வாங்கியதை அன்றே விற்றாக வேண்டும். 500 ரூபாய்ப் பங்கில் 200 வாங்கி அதே விலைக்கு விற்றுப் பார்த்தேன். தரகு 40, விற்பனை மீது எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி 25, முத்திரைக் கட்டணம் 3, பங்குச்சந்தைக் கட்டணம் ஏறத்தாழ 6, ஜிஎஸ்டி 8 சொச்சம். ஆக 82 ரூபாய். அதாவது பங்கு 41 காசு ஏறினால்தான் அசல். இப்படி நாளுக்கு ஐந்து முறை, மாதத்தில் 20 நாள் என்றால் 8,200 ரூபாய். மார்ஜினாக, அதாவது முன்பணமாக, கையிலிருந்து போட்டதோ 20,000! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. 2022-23இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். அவர்கள் அந்த நஷ்டத்துக்கு மேல், அதில் 57 சதவீதம் அளவுக்குக் கட்டணமாகவும் கொடுத்தார்கள் என்று உங்கள் ஆய்வுதான் சொன்னது.

கட்டணமெல்லாம் மாலையில் தரகர் அனுப்பும் கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கிறது, உண்மைதான். சாப்பிட்டு முடித்தபின் விலைப்பட்டியல் எதற்கு? சில செயலிகளில் தேடிப்பிடித்து முன்கூட்டியே பார்க்கலாம். அதுவும் பெரும்பாலும் ஒரு வழிக்கு மட்டும்.

நேரத்திலும் இதே கதைதான். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து பங்குச்சந்தை இருக்கும் மும்பை நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர 10 மில்லிநொடிக்குக் குறையாது. பங்குச்சந்தை வளாகத்துக்குள்ளேயே கோ-லொகேஷனில் கணினி வைத்திருப்பவருக்கு அது மைக்ரோநொடிக் கணக்கு. அந்த ஓட்டத்தில் ஜெயிக்க நான் கேட்கவில்லை. ஆர்டர் அனுப்பி உறுதி திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்பதைத் தரகர்கள் மாதாமாதம் வெளியிடட்டும். சராசரியை மட்டுமல்ல, சந்தை திறந்த முதல் 15 நிமிடத்துக்கும் தனியாக.

பங்குச்சந்தைக் கட்டணம் எல்லாத் தரகருக்கும் ஒரே அளவு என்று 2024 அக்டோபர் முதல் ஆக்கியது நீங்கள்தான். அதே கையோடு இதையும் செய்யுங்கள்: 'வாங்கு' பொத்தானுக்கு மேலேயே, வாங்கி விற்க மொத்தம் எத்தனை ரூபாய், அசல் திரும்ப விலை எத்தனை காசு ஏற வேண்டும் என்ற இரண்டு எண்களும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறு முதலீட்டாளர்