திங்கள் அப்பாவுக்கு, புதன் இருவருக்கும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய செய்தியை அப்பா இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார். இனிமேல் நாங்கள் கடைக்கு அலைய வேண்டாம், அமெரிக்காவில் இருந்தபடியே கைப்பேசியில் நீ சாமான் வாங்கிவிடுவாய், வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல எண்ணம்தான். ஆனால் வேண்டாம். தொலைபேசியில் காரணம் சொன்னால் பாதியில் குறுக்கிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைக் கேள். இங்கே சிங்கப்பூரில், ஃபேர்பிரைஸ் கடையில் அரசாங்கம் கொடுத்த முன்னோடித் தலைமுறை அட்டைக்குத் திங்களும் புதனும் 3 விழுக்காடு தள்ளுபடி. மெர்டேக்கா தலைமுறை அட்டைக்குப் புதன் மட்டும் 3. செவ்வாய்க்கிழமை 60 வயதானவர்களுக்கு 2. வருமானம் பார்த்துக் கொடுக்கும் நீல சாஸ் மருத்துவ உதவி அட்டைக்கு வியாழன். ஒரு நாளைக்கு 200 வெள்ளி வரைதான் கணக்கு. சிகரெட்டுக்கும் லாட்டரிக்கும் கிடையாது. அட்டைக்குரியவர் நேரில் வந்து காசாளரிடம் நீட்ட வேண்டும். நீ அமெரிக்காவிலிருந்து ஏவி எங்கள் வாசலில் வந்து இறங்கும் மூட்டைக்கு எந்தக் கிழமையும் உதவாது.

இதில் நம் வீட்டுக் கூத்து ஒன்று உண்டு, உனக்குத் தெரியாததல்ல. முன்னோடித் தலைமுறை என்றால் 1949 டிசம்பர் 31க்குள் பிறந்திருக்க வேண்டும், 1986 முடிவதற்குள் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். அப்பா 1948. நான் 1950 ஜனவரி 19. பத்தொன்பது நாள்! உன் பாட்டி இன்னும் கொஞ்சம் வேகமாக மாடிப்படி ஏறி இறங்கியிருந்தால் நானும் முன்னோடி. 2014இல் அப்பாவுக்கு அட்டை வந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் அவர் அட்டையை நீட்டுவார், நான் பையைத் தூக்குவேன். "நாட்டை உருவாக்கிய கை, பாரம் தூக்கக் கூடாது" என்பார். 1950 முதல் 1959 வரை பிறந்தவர்களுக்கு மெர்டேக்கா அட்டை 2019இல்தான் வந்தது. அது வந்த வாரமே என் பையை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆகவே எங்கள் வாரம் இப்படிப் போகிறது. திங்களன்று அவர் தனியாகப் போய் எண்ணெய், மைலோ, துணி துவைக்கும் தூள் போன்ற கனமானவற்றை வாங்கி வருவார். புதனன்று இருவரும் போவோம். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கமே திரும்புவதில்லை. 2 விழுக்காட்டுக்காக எங்கள் அடுக்குமாடி புளோக்கே திரண்டு வந்து வரிசையில் நிற்கும், அந்தக் கூட்டத்தில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கக்கூட இடமிருக்காது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கு வியாழன். திங்களன்று எங்கள் வீட்டில் ஏதாவது தீர்ந்துபோனால் புதன் வரை பொறுக்கச் சொல்லி, அதற்குள் தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொடுப்பார்.

இவ்வளவுக்கும் மிச்சம் எவ்வளவு என்று கேட்பாய். 70 வெள்ளிக்கு வாங்கினால் 2 வெள்ளி 10 காசு. பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 என்று ஏறியபோது அப்பா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். நாங்கள் கட்டும் வரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளுபடியில் திரும்பி வருகிறதாம். அந்தக் காகிதத்தை இன்னும் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டி வைத்திருக்கிறார்.

நாங்கள் அந்தக் கடைக்குப் போவது அந்த 2 வெள்ளிக்காக மட்டும் என்று நினைக்காதே. 1973இல் விலைவாசி தலைக்குமேல் ஏறிக்கொண்டிருந்தபோது தொழிற்சங்கக் காங்கிரஸ் இங்கே தோ பாயோவில்தான் 'வெல்கம்' என்ற கூட்டுறவுக் கடையைத் திறந்தது. அப்போதைய பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தார். எனக்கு அப்போது 23 வயது. பதுக்கி வைத்து விற்பவர்களுக்குப் பயந்து அரிசிக்காக வரிசையில் நின்றவள் நான். அந்தக் கடைதான் பத்து வருடம் கழித்து, 1983இல், இன்னொரு கூட்டுறவோடு சேர்ந்து ஃபேர்பிரைஸ் ஆனது. கிழமை பார்த்துத் தரும் சலுகை நேற்று வந்தது, எனக்கும் அந்தக் கடைக்கும் உள்ள பழக்கம் அதைவிடப் பழையது.

அதற்காக முருங்கைக்காயை அங்கே வாங்குவேன் என்று நினைத்துவிடாதே. அதற்குத் தேக்கா சந்தைதான். அங்கே அட்டையும் இல்லை, கிழமையும் இல்லை. கீரைக்காரர் முகத்தைப் பார்த்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போடுவார். எந்த வருடம் பிறந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். வட கரோலினாவில், சார்லட்டில் உன்னோடு இருந்தபோது ஹாரிஸ் டீட்டர் கடையில் வியாழக்கிழமைதோறும் 60 வயதானவர்களுக்கு 5 விழுக்காடு என்று மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. தெரிந்ததும் நான் கேட்க, நீ வெட்கப்பட்டு ரொட்டி அலமாரிப் பக்கம் ஒதுங்கிப் போனாயே, மறந்துவிட்டாயா? காசாளர் பெண் ஒரு வார்த்தை பேசாமல் கழித்துக் கொடுத்தாள். நீ குடியுரிமை பெற்றவளா, எப்போது பெற்றாய் என்ற கேள்வியே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும் என்பது பிடிக்கவில்லை. இங்கே தபாலில் அட்டை வீடு தேடி வந்தது.

நீ ஆரிகனில் இருக்கும் போர்ட்லண்டுக்கு மாறுவதாகச் சொன்னதும் அப்பா உட்கார்ந்து தேடினார். அங்கே பெரிய கடை ஃபிரெட் மேயர். அது 1922இல் அந்த ஊரிலேயே தொடங்கிய கடை. இப்போது ஃபிரெட் மேயருக்கும் ஹாரிஸ் டீட்டருக்கும் முதலாளி ஒருவரே, சின்சினாட்டியில் இருக்கும் குரோகர் நிறுவனம். ஒரே முதலாளி, ஒரே சலுகை என்றுதானே நினைப்போம்? இல்லை. ஃபிரெட் மேயரில் வாரம் ஒரு நாள் என்பது கிடையாது, மாதத்தின் முதல் செவ்வாய் மட்டும். தள்ளுபடி 10 விழுக்காடு, ஆனால் கடையின் சொந்தப் பெயர் போட்ட சரக்குக்குத்தான். வயதும் 60 அல்ல, 55! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தி மாதிரி. வரியும் அப்படித்தான்: வட கரோலினாவில் உணவுப் பொருளுக்கு 2 விழுக்காடு உள்ளூர் வரி கட்டினோம், ஆரிகனில் விற்பனை வரி என்பதே கிடையாது. அது வயதானவர், இளையவர் எல்லாருக்கும் தினமும் கிடைக்கும் தள்ளுபடி, அதற்கு யாரும் பலகை எழுதி மாட்டுவதில்லை.

சென்ற மாதம் உனக்கு 49 முடிந்தது. சார்லட்டிலேயே இருந்திருந்தால் நீ மூத்த குடிமகள் ஆக இன்னும் 11 வருடம். போர்ட்லண்டில் ஆறே வருடம். எங்களுக்குச் சாமான் வாங்கித் தருவதாகச் சொன்னாயே, முதலில் இதை எண்ணிப் பார். அன்றைக்கு உன் மகன் வந்து, "அம்மா, நீங்கள் அலைய வேண்டாம்" என்று சொல்லும்போது எனக்கு ஒரு தொலைபேசி போடு.

பணமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால், அப்பாவுக்கு நல்ல சக்கர வண்டி ஒன்று வாங்கி அனுப்பு. இழுத்துப்போகும் வகை, மடிக்க வேண்டும், பஸ்ஸில் ஏற்றினால் ஓட்டுநர் முகம் சுளிக்கக் கூடாது. இப்போது இருப்பதில் ஒரு சக்கரம் கீச்சென்று அழுகிறது. புளோக் முழுவதும் அவர் திங்கட்கிழமை போவது தெரிகிறது.

அடுத்த வருடம் எங்களை வரச் சொன்னாய். ஏப்ரல் வசதிப்படும். டிக்கெட் எடுக்குமுன் நாட்காட்டியைப் பார்த்து, முதல் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னதாகவே நாங்கள் இறங்கும்படி எடு. நேர வித்தியாசத்தில் முதல் நாள் அப்பா தூங்கித்தான் கழிப்பார்.

அன்புடன்,
அம்மா