மாலை ஆறு மணிக்கு எவ்வளவு மின்சாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2030-க்குள் 500 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் என்பது 1,000 மெகாவாட்) புதைபடிவம் சாரா, அதாவது நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் எரிக்காத மின்திறன், 2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின் திறன் என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. இரண்டும் நிறுவுதிறன் கணக்கு; அதாவது நிலையங்கள் அதிகபட்சமாக எவ்வளவு தர முடியும் என்பது, உண்மையில் எவ்வளவு தந்தன என்பதல்ல. ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். ஒரு மெகாவாட் அணுமின் திறன், 80 சதவீதம் ஓடினாலே 70 லட்சம் யூனிட் தரும். இவற்றை ஒன்றாகக் கூட்டிச் சொல்வதில் உண்மை நிலை மறைந்துபோகிறது. நிறுவுதிறனில் பாதி புதைபடிவம் சாராதது என்ற நிலையை 2025 ஜூனில் எட்டி மகிழ்ந்தோம். ஆனால் 2024-25இல் நாடு பயன்படுத்திய மின்சாரத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் நிலக்கரியில்தான் விளைந்தது.

சிக்கல் மதியத்தில் தொடங்குகிறது. சூரிய மின்சாரம் உச்சத்தில் இருக்கும்போது நிலக்கரி எரிக்கும் அனல்மின் அலகுகளை அவற்றின் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது கடினம். கொதிகலனுக்குள் சுடர் தடுமாறும். அணையாமல் காக்க எண்ணெய் எரிக்க வேண்டும். மாறி மாறிச் சூடேறி ஆறுவதால் குழாய்கள் வெடிப்பு விடும். முழுக்க நிறுத்தி உலை குளிர்ந்துவிட்டால் மீண்டும் ஏற்றப் பல மணி நேரம் பிடிக்கும். மாலையில் அந்த அலகு கட்டாயம் தேவை. எனவே அதை ஓடவிட்டு, சூரிய மின்நிலையங்களிடம் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அலகுகளும் ஒரே சீராக ஓடுபவை. மதியத்துக்காக இறங்கி மாலையில் ஏறுவதில்லை. இரவிலும் கரிப்புகை இல்லாத மின்சாரம் தரும் அணுமின்சாரம் நமக்கு வேண்டும். ஆனால் மதிய மின்சாரத்தை மாலைக்குச் சேமித்து வைக்கும் வசதி இல்லாமல் அதைப் பெருக்கினால் மதிய நெருக்கடி கூடவே செய்யும்.

சேமிப்புக்கு அரசு சொல்வது போதாது. புதிய சூரிய மின் டெண்டர்களில் நிறுவுதிறனில் 10 சதவீதத்துக்கு, இரண்டு மணி நேரச் சேமிப்பு வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையம் அறிவுறுத்தியது. 100 மெகாவாட் நிலையத்துக்கு இது 20,000 யூனிட். அந்த நிலையம் ஒரு நாளில் தருவதோ சுமார் நாலரை லட்சம் யூனிட்! இருபதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மாலை உச்சத்தேவை நான்கு மணி நேரம் நீள்கிறது. 25 சதவீதத்துக்கு நான்கு மணி நேரம் என்று விதித்தால் ஒரு லட்சம் யூனிட் கிடைக்கும்.

பேட்டரி மட்டும்தான் வழி என்றில்லை. ஆழியாற்றுக்கு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மிகைமின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கினால் நூறு யூனிட்டுக்கு 75 யூனிட் அளவில் திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் இதே வகையான 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது.

மின் பயன்பாட்டையே மதியத்துக்கு மாற்றுவது இன்னொரு வழி. ஆனால் பகல் நேரக் கட்டணத்தைக் குறைந்தது 20 சதவீதம் குறைக்கச் சொல்லும் 2023ஆம் ஆண்டு விதியும், எந்த நேரத்தில் எவ்வளவு செலவானது என்று பதியும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய இணைப்புக்கே பொருந்தும். அந்த மீட்டர் வராத வீட்டில் மோட்டாரை மதியத்துக்கு மாற்றிப் போட யாருக்கும் காரணம் இல்லை.

மத்திய மின் அமைச்சகம் இனி வெளியிடும் ஒவ்வொரு இலக்கிலும், மாலை 6 முதல் 10 மணி வரை எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

ஓய்வுபெற்ற மின் பொறியாளர்,
உடுமலைப்பேட்டை