மேடையைச் சோளகத்துக்கு எதிரே நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த வாரம் யாழ். நகரின் திறந்த மைதானம் ஒன்றில் நடைபெற்ற மெல்லிசை நிகழ்ச்சிக்கு, வடமராட்சியிலிருந்து என் தங்கையுடனும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளுடனும் சென்றிருந்தேன். அன்று பாடிய கோஷ்டியை (இசைக்குழு என்று எழுத என் கை இன்னும் பழகவில்லை) நான் 2002 ஆம் ஆண்டிலிருந்து கேட்டு வருகிறேன். போர்நிறுத்தம் வந்த பின் முதற் கோடை அது; இரவு பத்து மணிக்குப் பிறகும் வீட்டுக்கு வெளியே இருக்கலாம் என்பதே பதினாறு வயதுப் பிள்ளையாகிய எனக்குப் புதினமாக இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலின் பூங்காவனத் திருவிழாவில், மேற்கு வீதி மணலில் பாய் விரித்து, கையில் கச்சான் சரையுடன், மேடைக்குப் பத்தடி தள்ளி இருந்து அவர்களை விடியும் வரை கேட்டேன். அந்த இரவுக்காகவே இத்தனை ஆண்டுகளாக அவர்கள் பாடும் இடமெல்லாம் போகிறேன்.

கடந்த வாரம் நாங்கள் நின்ற இடம் மேடையிலிருந்து நூறு மீற்றருக்குக் குறையாது. முன்னால் கம்பித் தடுப்பு; அதற்கும் மேடைக்கும் நடுவே விருந்தினருக்கென்று போடப்பட்டு, இரண்டாம் மணித்தியாலம் வரையிலும் பாதி வெறுமையாகக் கிடந்த கதிரைகள். ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். ஆகவே மேடையில் அடித்த அடி எங்கள் காதை வந்தடைய 0.3 விநாடி அளவு ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் துள்ளல் பாட்டொன்றில் இரண்டு தட்டுக்களுக்கு இடைப்பட்ட நேரமே அரை விநாடிதான். பெரிய திரையில் டிரம்ஸ் வாசிப்பவரின் கை ஒரு பக்கம் விழ, சத்தம் வேறு நேரத்தில் வர, எங்களைச் சுற்றி நின்ற இளம் பிள்ளைகள் எதற்குக் கைதட்டுவது என்று தெரியாமல் சிறிது நேரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஆசையோடு வந்த பிள்ளைகளை அப்படிப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை காற்றில் இருந்தது. வைகாசி முதல் ஆவணி கடந்தும் இங்கே வீசுவது சோளகம் என்பதும், அது தென்மேற்கிலிருந்து வருவது என்பதும் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றைய மேடையோ வடகிழக்கு மூலையில், காற்றைப் பார்த்தபடி நின்றது. நிலத்தருகில் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம் என்பதால், காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி வானத்தை நோக்கி வளைந்து போய்விடும். காற்றோடு செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து, தூரத்தில் இருப்பவரையும் வந்தடையும். எங்கள் கோயிலில் மேற்கு வீதியின் மேற்கு ஓரத்தில், காற்று முதுகில் படும்படியாகவே மேடை போடுவார்கள். லைட் எஞ்சின் இரைச்சலுக்கும் மேலாகப் பாட்டு அடுத்த குறிச்சிக்குக் கேட்கும்.

பின்னால் கேட்கவில்லை என்று கூச்சல் எழுந்தபோது ஏற்பாட்டாளர்கள் செய்தது, முன்னால் அடுக்கியிருந்த பெட்டிகளின் சத்தத்தைக் கூட்டியது மட்டுமே. அதனால் கதிரைகளில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். எங்களுக்குப் புல்லாங்குழலும் வயலினும் முன்போலவே கேட்கவில்லை. இசை நிகழ்ச்சிகளில் எந்தப் பதினைந்து நிமிடத்திலும் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் ஒரு வரையறை வெளியிட்டிருக்கிறது. அதை மதித்துக்கொண்டே கடைசி ஆளுக்கும் பாட்டைக் கொண்டுபோக வழி உண்டு. மைதானத்தின் நடுவில் இரண்டாவது தொகுதிப் பெட்டிகளை நிறுத்தி, மேடையின் ஒலி அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஏற்ப அவற்றைப் பிந்தி ஒலிக்கச் செய்தால் போதும். சவுண்ட் செட் பிடிப்பவர்களுக்கு இது தெரியாத வேலையல்ல. கேட்டால் செய்வார்கள், அதற்கான செலவை விருந்தினர் கதிரைகளில் மிச்சம் பிடிக்கலாம்.

பத்தரை மணியளவில் காற்றுச் சற்று அடங்கியது. அப்போது அவர்கள் 2002 இல் எங்கள் ஊரில் முதலாவதாகப் பாடிய பாடலைத் தொடங்கினார்கள். பாடகர் இப்போது சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாடுகிறார். குரலில் வயது தெரிகிறது. எனக்கு அது முன்னையிலும் அழகாக இருந்தது. தடுப்புக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள். 2002 இல் பிறந்தேயிராத என் பெறாமக்கள் இருவருக்கும் ஒரு வரிகூடப் பிசகவில்லை. பாட்டு முடிந்து மூன்று நிமிடத்துக்குள் சோளகம் மீண்டும் எழுந்தது.

அதே கோஷ்டி ஆவணியில் மறுபடியும் வருவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதை ஒழுங்கு செய்பவர்கள் மேடைக்குக் கால் நடுவதற்கு முன் ஒரு மாலை வேளை அந்த மைதானத்துக்குப் போய், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நின்று பார்க்க வேண்டும். மேடைக்கு முன்னால் முப்பது அடி நிலத்தையாவது கதிரையும் தடுப்பும் இல்லாமல் விட்டுவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பாயை நாங்களே கொண்டு வருவோம்.

இப்படிக்கு,
வடமராட்சி வாசகி ஒருவர்