மருமக கேட்ட பை

பாரிஸ்,
நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கன எல்லாரும் நல்லா இருக்கோம். குளிர் இறங்கிட்டு, அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிருது. அங்கன ஐப்பசி மழைக்கு ஆத்துல தண்ணி நல்லாப் போகுதுன்னு அத்தான் போன்ல சொன்னாக.

மருமக தாய்மாமன் சீரா நகைக்குப் பதில் ஒரு பாரிஸ் பை கேக்கான்னு எழுதியிருந்த. பவுன் கணக்குல பாத்தா அது தேறுமா, அப்படி அதுல என்னதான் இருக்குன்னும் கேட்டிருந்த. வேண்டாம்னு ஒத்த வரியில எழுதிரலாம். காரணம் சொல்லாம எழுதினா மாமனுக்குக் கை வரலன்னு ஆயிரும். இந்தப் பைகளப் பிரிச்சு மாட்டுதுதான் பட்டறையில அன்னாடம் பாக்க வேலை, அதனால தெரிஞ்சத எழுதுதேன். அவளையும் பக்கத்துல வச்சு வாசி.

முதல்ல விலை. இந்த நாட்டுல சட்டப்படி உள்ள குறைஞ்சபட்சச் சம்பளம், பிடித்தம் போகக் கையில வந்தது 2025-ல மாசம் சுமார் 1,426 யூரோ. நீங்க அங்கன லூயி விட்டான்னு சொல்லுத லூயி வித்தோன் கடையில, தோள்ல மாட்டுத நெவர்ஃபுல் பை, நடு அளவு, அதுக்கு மேல. மெட்ரோவுல அந்தப் பையோட நிக்கிறவங்க எல்லாம் பணக்காரங்கன்னு நினைக்காத. பாதிப் பேரு ஒரு மாசச் சம்பளத்தத் தோள்ல தொங்கவிட்டுட்டு, ஜேப்படிக்குப் பயந்து நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கவங்கதான். அந்தப் பைக்கு மேல ஜிப்பு கிடையாது, ஒரு கொக்கி மட்டுந்தான். ஜனவரியிலயும் ஜூன் கடைசியிலயும் ஊர்பூரா தள்ளுபடி நடக்கும். வித்தோன் கடையில மட்டும் என்னைக்கும் தள்ளுபடி கிடையாது.

மருமக படம் அனுப்பின அந்தக் காப்பிக்கலர்ப் பை தோல்னு நினைச்சிருப்பா. அது தோல் இல்ல. பருத்திக் கித்தான்ல பிவிசி பூச்சு ஏத்தி, மேல எழுத்தும் பூவும் அச்சடிச்சது. அந்த டிசைன் 1896-ல வந்துது. ரயிலு, கப்பல்ல போற டிரங்குப் பெட்டிக்கு உண்டாக்கினது. மழைக்கு ஒண்ணும் செய்யாது, கனமும் இல்ல, ஈரத்துணியால துடைச்சாப் போதும். அது உள்ளபடிக்கே நல்ல குணம். ஆனா மடிப்பு விழுத இடத்துல ஒரு தடவை பூச்சு வெடிச்சுட்டா அதுக்கு வைத்தியமே கிடையாது. ஒட்டவும் முடியாது, கலர் பூசவும் முடியாது, வெடிப்பு நூல் நூலா ஓடிக்கிட்டே போகும்.

கைப்பிடியும் ஓரப்பட்டையும் மட்டும் தோல். அது மரப்பட்டைச் சாறுல பதம்போட்ட மாட்டுத்தோல், மேல பூச்சு எதுவும் கிடையாது. புதுசுல வெள்ளரிப்பழத்து உள்சதை மாதிரி வெளுப்பா இருக்கும், வெயில் படப்படத் தேன் நிறத்துக்கு வரும். பூச்சு இல்லாததால எது பட்டாலும் குடிச்சிரும். அவ வேலைக்குப் போற தென்காசியில ஆனி ஆடிச் சாரல்ல நாலு துளி பட்டாலே நாலு கறுப்புப் புள்ளி. தலைக்குத் தேங்காயெண்ண வச்ச கையால பிடிச்சா அந்த இடம் கறுத்துப்போகும், கையில தேய்க்கிற சானிடைசர் பட்டா திட்டுத் திட்டா ஆயிரும். மூணாவது வருசமே கைப்பிடி மாத்தணும்னு வருதவங்க இங்கனயே நிறைய. அங்கன என்ன ஆகும்னு நீயே பாத்துக்கோ.

இதுல வேடிக்கை என்னன்னா, இதே மாதிரிப் பட்டைச்சாறுத் தோல் நம்ம ஊருச் சரக்கு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதம்பண்ணின தோல்தான் அந்தக் காலத்துல மெட்ராஸ்ல இருந்து சீமைக்குக் கப்பல் ஏறிச்சு. இ.ஐ. தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல்னு அதுக்குப் பேரு, 2008-ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

பையில பாக்க வேண்டிய இடம் எல்லாம் முகப்புக்கு வெளியதான் இருக்கு. கைப்பிடி வந்து சேருத அடி, கீழ்மூலை, வெட்டின ஓரம், உள்துணி. கைப்பிடி அடியில ரெண்டு தோலுக்கு நடுவுல நைலான் நாடா வச்சுத் தைச்சிருக்கணும். இல்லன்னா ஊசி போன ஓட்டை எல்லாம் கனத்துக்கு இழுபட்டு, அஞ்சல்தலை கிழியுத மாதிரி வரிசையாக் கிழிஞ்சிரும். வெட்டின ஓரத்துக்குப் பூசுத சாயத்த மூணு நாலு கையா ஏத்தணும். ஒவ்வொரு கைக்கும் காயவிட்டு உப்புத்தாள் போடணும். அவசரத்துல ஒரே கையா தடிமனாப் பூசினது ரப்பர் தோல் மாதிரி உரிஞ்சு வரும். நல்லாப் பூசினதும் சூட்டுக்கு இளகும். சித்திரை வெயில்ல பூட்டின காருக்குள்ள ரெண்டு மணி நேரம் வச்சா ஓரம் பிசுபிசுன்னு ஆகி, சேலையில ஒட்டும்.

கொக்கி வளையத்துல பித்தளைக்கு முலாம் போட்டது ஒண்ணு, துத்தநாகக் கலவைய வார்த்து முலாம் போட்டது ஒண்ணு. ரெண்டாவது மினுக்கா இருக்கும், அழுத்தம் வந்தா மாவு மாதிரி முறியும், பத்தவச்சு ஒட்டவும் முடியாது. காந்தம் ஒட்டுச்சுன்னா (பூட்டுக் காந்தம் இல்லாத இடத்துல) அது வெறும் இரும்பு, துரு நிச்சயம்.

ஷனேல் பை தனிக் கதை. 1955 பிப்ரவரியில வந்ததால 2.55-னு அதுக்குப் பேரு, கட்டம் கட்டமா மெத்தைத் தையல், தோளுக்குச் சங்கிலி. அந்த வகையில நடு அளவு இப்ப பத்தாயிரம் யூரோவத் தாண்டிருச்சு. ஆட்டுக்குட்டித் தோல்ல எடுத்தா நகம் பட்டாலே கோடு விழும், வளையல் போட்ட கைக்கு ஆகாது. கன்னுக்குட்டித் தோல்ல பொடிப்பொடியா மணி எடுத்தது இருக்கு, அது தாங்கும். ரெண்டும் கடைக் கண்ணாடியில ஒண்ணு போலத்தான் தெரியும்.

கைவேலைன்னு சொல்லத் தகுந்தது எர்மேஸ். 1837-ல குதிரைச் சேணம் தைக்க ஆரம்பிச்ச பட்டறை. இன்னைக்கும் அவங்களோட கெல்லி, பர்கின்ங்கிற வகைப் பை ஒவ்வொண்ணையும் ஒரே ஆள்தான் ஆரம்பத்துல இருந்து முடிவுவரை தைப்பாரு. மரக்கிட்டிய ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கி, தேன்மெழுகு தடவின லினன் நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி கோத்து, ஒரே ஓட்டைக்குள்ள ரெண்டு பக்கமிருந்தும் ஊசிய விடுவாங்க. மெஷின் தையல்ல மேல்நூலும் பாபின் நூலும் ஒண்ண ஒண்ணு கொக்கி போட்டு நிக்கும், ஒண்ணு அறுந்தா வரிசை அவுரும். இந்தச் சேணத் தையல்ல ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடிச்சுக்கிடும். பத்தமடையில பட்டுப்பாய் நெய்யுதவங்க கோரைய ஆத்துல ஊறப்போட்டுக் கிழிச்சு வாரக்கணக்குல உக்காருதாங்கல்லா, அதே பொறுமைதான். என்ன, பாய்க்கு அந்த விலை யாரும் வைக்கல.

ஆனா எர்மேஸ்ல காசு இருந்தாலும் உடனே கிடைக்காது. பாரிஸ் கடைகளுக்கு முதல்நாளே ஆன்லைன்ல நேரம் கேக்கணும், குலுக்கல்ல விழுந்தா போகலாம், போனாலும் கேட்ட பை இருக்கணும்னு இல்ல. 2025 ஜூலையில நடிகை ஜேன் பர்கின் வச்சிருந்த முதல் பர்கின் பை பாரிஸ் ஏலத்துல 86 லட்சம் யூரோவுக்குப் போச்சு. அதக் காட்டித்தான் பை ஒரு முதலீடுன்னு ரீல்ஸ்ல பேசுதாங்க. அந்த விலை அந்த அம்மா கையில கிடந்ததுக்கு வந்த விலை. நம்ம வாங்குத பைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

மத்த பேர் எல்லாம் கைவேலைன்னு சொல்லிக்கிடுதத அப்படியே நம்பாத. 2024 ஜூன்ல டியோர் கம்பெனியோட இத்தாலித் தயாரிப்புப் பிரிவ மிலான் நீதிமன்றம் கண்காணிப்புல வச்சுது. கடையில 2,600 யூரோவுக்கு வித்த பைய ஒட்டித் தைக்கிறதுக்குத் துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது 53 யூரோன்னு அந்த ஆவணத்துல இருக்கு. தோல் செலவு அதுல சேராது. 2025-ல அந்தக் கண்காணிப்ப எடுத்துட்டாங்க. விலையில தையல்காரங்க கூலி எத்தனை, பேருக்கு உள்ளது எத்தனைன்னு மருமகளே கணக்குப் போட்டுக்கட்டும்.

நீ பவுன் கணக்குல கேட்டது ரொம்பச் சரி. நகையப் பழைய விலைக்குப் போட்டா செய்கூலியும் சேதாரமும் போகும், தங்கம் நிக்கும். பையில இருக்கது பூராவும் செய்கூலியும் சேதாரமுந்தான். உருக்க ஒண்ணுமில்ல. எர்மேஸ்ல ரெண்டு மூணு வகையத் தவிர, கடை வாசலத் தாண்டின உடனே விலை இறங்கிரும். ஒரு மூலை தேஞ்சிருந்தா இன்னும் இறங்கும்.

சரி, போட்டுத் தேய்க்கிற கணக்கும் பாப்போம். யூரோவுக்கு நூறு ரூபான்னு வட்டமா வச்சுக்கோ. 1,500 யூரோப் பை, மாசம் ரெண்டு விசேஷம், பத்து வருசம்னா 240 தடவை. ஒரு தடவைக்கு 625 ரூபா. கல்யாணவீட்டுக்கு ஆட்டோவுல போய்வரக் காசு. தினம் ஆபீசுக்கு எடுத்தா தடவைக்கு உள்ள காசு குறையும், ஆனா டிபன் பாக்சும் தண்ணிப் பாட்டிலும் தென்காசி பஸ் நெரிசலும் சேர்ந்தா பத்து வருசம் பை இருக்காது.

நெவர்ஃபுல் பட்டை வேற மெல்லிசு, ரெண்டு கிலோ ஏத்தினா தோள வெட்டும்.

மெட்ராஸ்ல யாரோ ஃபர்ஸ்ட் காப்பி, அதான் அசல் மாதிரியே செஞ்ச போலி, விக்காங்கன்னு மருமக எழுதியிருந்தா. அத வச்சுக்கிட்டு இங்கன வந்தான்னா, பிரான்ஸ்ல கள்ளச்சரக்கு கையில இருந்தாலே சுங்கக் குற்றம், பையப் பிடுங்கிட்டு அபராதமும் போடுவாங்க. அங்கனயே வச்சுக்கிட்டாலும் அதுக்குப் போடுத பூச்சு ரெண்டு மழைக்காலத்துல செதில் செதிலா உதிரும்.

இவ்வளவுக்கு அப்புறமும் வேணும்னா பழசு வாங்குதுதான் எனக்குச் சரின்னு படுது. இங்கன பழைய பை விக்கிற கடையும், துரோவோ ஏலமும் இருக்கு. பாக்கும்போது முதல்ல மோந்து பாக்கணும். பூஞ்சை வாசம் பிடிச்சா எடுக்கவே கூடாது, அது போகாது. பிறகு உள்பாக்கெட்டுக்குள்ள விரல விடணும். வித்தோன் பழைய பைகள்ல சிலதுக்கு உள்பாக்கெட் பூச்சு சூட்டுக்கும் ஈரத்துக்கும் பிசின் மாதிரி ஆயிருக்கும். அளவுகோல வச்சு ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல்னு ரெண்டு மூணு இடத்துல எண்ணணும், எண்ணிக்கை மாறக்கூடாது. வித்தோன் 2021-ல தேதிக்குறிய (எப்ப, எங்க செஞ்சதுன்னு பைக்குள்ள குத்துத எழுத்தும் எண்ணும்) நிறுத்திட்டு உள்ள சிப்பு வைக்க ஆரம்பிச்சுட்டான், அதுக்குப் பிந்தின பைன்னு சொல்லித் தேதிக்குறியக் காட்டினா சந்தேகப்படணும். அசல்னு சொல்லுத அட்டை அவன் எந்தப் பைக்கும் கொடுக்கது கிடையாது, அட்டையக் காட்டி வித்தா எழுந்து வந்திரணும். வெளிய எங்கயாவது கலர் பூசினதோ பாகம் மாத்தினதோ இருந்தா கம்பெனிக்காரன் பிறகு தொட மாட்டான், அதையும் கேட்டுக்கிடணும்.

வரி விசயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய குடியிருக்கவங்க புதுசு வாங்கினா, 20% வாட் வரி போட்ட அந்த விலையில சுமார் 12% திரும்பும். ஏர்போர்ட்ல பெட்டியப் போடுததுக்கு முன்னாலயே பாப்லோங்கிற மெஷின்ல, கடையில கொடுத்த வரித்தாளோட பார்கோடு காட்டணும். இங்கன குடியிருக்க எனக்கு அது கிடையாது. சென்னையிலயோ திருவனந்தபுரத்துலயோ இறங்கும்போது வரியில்லாத வரம்ப இந்த மாதிரிப் பை தாண்டிரும், சுங்கமும் கட்டணும். சுங்கத்துக்குத் தப்ப அட்டைப்பெட்டிய இங்கன போட்டுட்டு வாங்கன்னு யாராவது யோசனை சொன்னா கேக்காத.

எதை வாங்கினாலும் பீரோவுல வைக்கிற முறைய அவ தெரிஞ்சுக்கிடணும். பிளாஸ்டிக் கவர்ல போடவே கூடாது, ஈரம் உள்ள மாட்டிப் பூஞ்சை பூக்கும். பழைய வேட்டித்துணியில பை தைச்சு அதுல போடு. உள்ள வெள்ளைத்தாளக் கசக்கி அடை, தினசரித்தாள் வேண்டாம், மை ஏறும். அந்துருண்டை போடாத. கைப்பிடியில தொங்கவிடாத, இழுபடும். மழைக்காலத்துல பத்து நாளைக்கு ஒருக்கா வெளிய எடுத்து நிழல்ல காத்தாட வை. தேங்காயெண்ணயும் விளக்கெண்ணயும் செருப்போட நிக்கட்டும், பையில தடவினா கறுத்து மக்கு வாசம் வந்திரும். நெல்லையப்பர் கோயில் குங்குமத்தத் தாள்ல மடிச்சு உள்ள போடுத பழக்கம் அவளுக்கு உன்னமாதிரியே உண்டு. வெளிர் நிற உள்துணியில அந்தச் சிவப்பு ஏறினா எடுக்கவே முடியாது, ஒரு சின்ன டப்பா வச்சுக்கச் சொல்லு.

என் யோசன இதுதான். சீருக்கு எப்பவும் போலப் பவுன் போட்டிருவோம், அத மாத்த வேண்டாம். பை தனி. தினம் ஆபீசுக்கு உள்ளத, பூச்சுப் போட்ட மணித்தோல்ல, பித்தளைக் கொக்கி, மேல ஜிப்போட, இந்தப் பட்டறையில நானே தைச்சுக் கொண்டு வாரேன். அதுக்கு மேல பேர் போட்ட பைதான் வேணும்னா, கித்தான்ல, தோல்கைப்பிடி முன்னமே தேன் நிறத்துக்கு வந்தது, பழசா ஒண்ணு பாக்கேன்.

எதுன்னு அவளயே முடிவு பண்ணச் சொல்லு. தைக்கிறதா இருந்தா டிபன் பாக்சோட நீளம், அகலம், பாட்டில் உயரம், அவ தோள்ல இருந்து இடுப்பு வரை உள்ள அளவு, எல்லாத்தையும் சென்டிமீட்டர்ல எழுதி வாட்ஸ்அப்ல போடட்டும். மார்கழி பிறக்கதுக்குள்ள வந்துட்டா தோல் வெட்டிருவேன்.

அத்தானுக்கு முட்டிவலித் தைலம் அடுத்த பார்சல்ல வருது.

இப்படிக்கு,
உன் தம்பி