குடும்ப ஐக்கிய சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவராகிய, நம் வட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவானவர் ஐயரவர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் என் வணக்கங்கள். நமது ஐக்கிய சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைச் சபையின் முன் சமர்ப்பிக்கிறேன்.

புத்தாண்டு ஆராதனைக்குப் பின் வழக்கம்போல் தேநீர் வழங்கப்பட்டது. குடும்ப ஞாயிறு ஆசரிக்கப்பட்டது. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் பந்தி பரிமாறும் பொறுப்பை நமது உறுப்பினர்கள் ஏற்றனர். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடிச் செல்லும் கீத பவனி மழைக்கு நடுவிலும் நிறைவேறியது. மாதாந்தரக் கூட்டங்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வாண்டில் நான் விரிவாகக் கூற விரும்புவது, ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலமாகிய லெந்து காலத்தையும் ஈஸ்டரையும் வீடுகளில் ஆசரிப்பதற்காக நாம் மேற்கொண்ட முயற்சியைப் பற்றியே. சபையில் லெந்து ஆராதனைகளுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை தியானக் கூட்டம், குருத்தோலைப் பவனி, பெரிய வியாழன் திருவிருந்து, பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளின் தியானம், ஈஸ்டர் அதிகாலை ஆராதனை என எல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றன. ஆனால் வீட்டு வாசற்படிக்குள் வந்து சேர்வது பெரிய வெள்ளிக் கஞ்சியும், ஈஸ்டர் பிரியாணியும், கைப்பேசியில் அனுப்பும் வாழ்த்துப் படமும் மட்டுமே. ஈஸ்டரை எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிற்றில் ஆசரிக்க வேண்டும் என்று 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம் தீர்மானித்து 1700 ஆண்டுகள் நிறைவுற்ற 2025இல், மேற்கத்திய, கிழக்கத்திய நாட்காட்டிகள் இரண்டின்படியும் ஈஸ்டர் ஏப்ரல் 20ஆம் தேதியிலேயே அமைந்தது. எனவே இந்த முயற்சியைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடைக்காது என்று நிர்வாகக் குழுவில் எடுத்துரைத்தேன். குழு மறுப்புச் சொல்லவில்லை. செலவு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டது.

செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. லெந்து தொடங்கும் சாம்பற் புதனாகிய மார்ச் 5ஆம் தேதி குடும்பத்துக்கு ஓர் உறையும் ஒரு தாளும் கொடுத்தோம். நம் பாட்டிமார் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதும், அதில் பிள்ளைகளின் கையையே பானைக்குள் இடச் செய்வதும் முதல் யோசனை. ஞாயிறுகளை நீக்கிய நாற்பது நாளும் குடும்பமாக ஏதேனும் ஒன்றை விட்டு, அதில் மிஞ்சும் பணத்தை உறையில் இடுவது அடுத்தது. எதை விடுவது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும் என்று தாளில் எழுதியிருந்தேன். சில வீடுகளில் பிள்ளைகள் அப்பாவின் கைப்பேசியைத் தேர்ந்தெடுத்ததாகக் கேள்வி.

பெரிய வியாழனன்று திருவிருந்துக்குப் புறப்படும் முன், ஆண்டவர் சீஷரின் கால்களைக் கழுவியதைக் கூறும் யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசித்து, பெற்றோர் பிள்ளைகளின் கால்களைக் கழுவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். தகப்பன் பிள்ளையின் காலைத் தொடுவது முறையா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். பேதுருவும் முதலில் மறுத்தவர்தான் என்பதை அவருக்குப் பணிவுடன் நினைவூட்டினேன். அதன் பின் அவர் என்னிடம் பேசுவதில்லை.

பெரிய விவாதம் பயறு விஷயத்தில் எழுந்தது. குருத்தோலை ஞாயிறாகிய ஏப்ரல் 13ஆம் தேதி ஒரு தட்டில் மண் பரப்பிப் பாசிப்பயறு விதைத்தால், ஈஸ்டர் காலையில் அது விரல் நீளத்துக்குப் பசுமையாக நிற்கும். நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் கூறியதை (யோவான் 12:24) ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக விளக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் இது முளைப்பாரி அல்லவா என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்து, கமிட்டி வரை சென்றது. முளைப்பாரி எடுப்பது வேறு வழிபாடு. விதை முளைப்பது படைத்தவர் வைத்த ஒழுங்கு. பனங்குருத்தில் சிலுவை முடைவது நமக்கு ஆகுமென்றால், பயறு மட்டும் ஏன் ஆகாது? ஐயரவர்கள் அனுமதி அளித்ததால் பிரச்சினை முடிந்தது. எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளே முதலில் தட்டு வாங்கிச் சென்றனர் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்ததும், திபேரியா கடற்கரையில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷருக்கு அப்பமும் மீனும் ஆயத்தப்படுத்தியதை நினைவுகூர்ந்து, ஆப்பமும் மீன்குழம்புமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து உண்ணவும், அவ்வாண்டில் துக்கம் கண்ட வீட்டாரைப் பந்திக்கு அழைக்கவும் கேட்டிருந்தோம். அழைக்கப்பட்ட ஒரு தாயார், கணவரை அடக்கம் செய்த பின் முதன்முறையாகப் பண்டிகையன்று பிறரோடு அமர்ந்து சாப்பிட்டதாகக் கூறினார். முயற்சி வீண் என்போருக்கு என் பதில் அதுவே.

உறைகளில் பாதிக்கும் குறைவானவையே திரும்பி வந்தன. தேர்வுக் காலம் என்று பலரும் காரணம் கூறினர். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ஏப்ரல் 15ஆம் தேதி முடிந்தது. பெரிய வெள்ளி 18ஆம் தேதி. மேலும், ஒரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் படிப்பதில்லை.

மாதாந்தரக் கூட்டங்களுக்கு வருவோர் எண்ணிக்கை, சிற்றுண்டி உண்டு என்று அறிவிக்கும் மாதங்களில் திருப்திகரமாக இருக்கிறது. சந்தாவைப் பொறுத்தவரை, மூன்று ஆண்டுகளாகச் செலுத்தாதவர்களும் வாக்களிக்கும் நாளில் தவறாமல் வருகின்றனர். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று ஐயரவர்கள் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன; விவரங்களைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். லெந்து உறைகளில் சேர்ந்த தொகையும் அரிசியும் முழுவதுமாக விதவையர் உதவிக்கு ஒப்படைக்கப்பட்டன.

ஐயரவர்களுக்கும், சபை ஊழியருக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கும், பெயர் விடுபட்ட யாவருக்கும் நன்றி.

2026இல் சாம்பற் புதன் பிப்ரவரி 18ஆம் தேதியும் ஈஸ்டர் ஏப்ரல் 5ஆம் தேதியும் வருவதால், லெந்தின் பெரும்பகுதி தேர்வுக்கு நடுவிலேயே அமையும். ஆகவே வீட்டு ஆசரிப்பைத் தாயார்மார் மேல் மட்டும் சுமத்தாமல் தகப்பன்மார் முன்னின்று நடத்தினால்தான் இது தொடரும். செயலாளர் பொறுப்பை ஏற்க இளையவர் எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால், உறைகளைத் திரும்பக் கொடுப்பதாக உறுப்பினர்கள் வாக்களிக்கும் பட்சத்தில், மேலும் ஓராண்டு தொடர எனக்கு ஆட்சேபணை இல்லை. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்